பூம்புகாருக்குக் கிழக்கே 20 மைல்: நம் கடலுக்கு வந்த ஒரு சின்ன நீர்மூழ்கி

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்துக்குப் பின் நடந்த உரையின் எழுத்து வடிவம்)



சங்கக் கூட்டம் என்றால் குடிநீர், தெருவிளக்கு, வடிகால் என்றுதான் நேரம் போகும். அவையெல்லாம் முடிந்தபின் அரைமணி நேரம் வேறொரு விஷயமும் பேசலாம் என்று வைத்திருக்கிறோம். அன்று வர முடியாதவர்களும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று, பேசியதை அப்படியே எழுதித் தருகிறேன்.

விஷயம் நீர்மூழ்கிக் கப்பல். அதிலும் சின்ன நீர்மூழ்கி. கருக்களாச்சேரிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

கெட்டிக்காரப் பயலைப் பார்த்தால் "சரியான எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம். எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைக்கு வந்து, துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. சிலர் அதை நீர்மூழ்கி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தண்ணீருக்கு மேலே ஓடிய கப்பல்தான். ஒரே ஒரு இரவு வந்த கப்பல் தமிழில் ஒரு வார்த்தையையே விட்டுப் போய்விட்டது. ஆனால் 29 வருடம் கழித்து நிஜமாகவே ஒரு நீர்மூழ்கி நம் பக்கத்துக் கடலுக்கு வந்தது, ஒரு பெரிய கப்பலை மூழ்கடித்தது. அதைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1943 டிசம்பர் 23. மார்கழி மாதம், வாடைக்காற்று. கொழும்பிலிருந்து கல்கத்தாவுக்குச் சரக்குக் கப்பல்கள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. இப்படிப் பாதுகாப்புக் கப்பல்களின் துணையோடு போவதைக் கான்வாய் என்பார்கள். அந்தக் கான்வாயின் பெயர் ஜேசி-30. அதில் ஒன்று 'பெஷாவர்' என்ற பி அண்ட் ஓ கம்பெனிக் கப்பல். ஏறக்குறைய 7,900 டன். ஜப்பானிய நீர்மூழ்கி 'ரோ-111' விட்ட டார்பிடோ அதைத் தாக்கி மூழ்கடித்தது.

இடம் எது தெரியுமா? வடக்கே 11 டிகிரி 11 நிமிடம், கிழக்கே 80 டிகிரி 11 நிமிடம். கையில் ஜிபிஎஸ் வைத்திருக்கும் நம் ஆட்கள் உடனே சொல்லிவிடுவார்கள். பூம்புகாருக்குக் கிட்டத்தட்ட நேர் கிழக்கே, 20 கடல் மைல். நம் ஊர்க் கரையிலிருந்து வடகிழக்கே சுமார் 25 கடல் மைல். நம் விசைப்படகுகள் போய்வரும் தூரம்தான்.

அந்த நீர்மூழ்கி ஏன் இங்கே வந்தது என்று புரிய வேண்டுமானால், சின்ன நீர்மூழ்கி என்றால் என்ன, அதை எதற்காகக் கட்டினார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு நல்ல உதாரணம் ஜெர்மனி.

முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனி நீர்மூழ்கியே வைத்திருக்கக் கூடாது என்று ஒப்பந்தம். அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் ஒரு கப்பல் வடிவமைப்பு அலுவலகத்தை வைத்துக்கொண்டு, வேறு நாடுகளுக்காகக் கட்டுவதுபோல் தங்கள் பொறியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பின்லாந்தில் கட்டிய 'வெசிக்கோ' என்ற சின்ன நீர்மூழ்கிதான் மாதிரி. 1935 ஜூன் 18-ல் பிரிட்டனோடு புது ஒப்பந்தம் ஆனது. 11 நாளில், ஜூன் 29 அன்று, யூ-1 கடற்படையில் சேர்ந்தது. முன்னாலேயே எல்லாம் தயாராக வைத்திருந்தார்கள் என்பது அதிலேயே தெரிகிறது.

டைப்-2 என்று பெயர். நாலு தினுசில் மொத்தம் 50 கட்டினார்கள். முதல் தினுசின் நீளம் 41 மீட்டர். நம் துறைமுகத்தில் நிற்கும் பெரிய விசைப்படகுகள் இரண்டை முன்னும் பின்னுமாக நிறுத்தினால் ஏறக்குறைய அந்த நீளம். அகலமோ 4 மீட்டர்தான். அதற்குள் டீசல் எஞ்சின், மின்மோட்டார், பாட்டரி, டார்பிடோ, சமையல், படுக்கை, 25 ஆள். மூக்கில் மூன்று டார்பிடோக் குழாய், மொத்தம் ஐந்து டார்பிடோ. ஐந்தும் தீர்ந்தால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இந்தச் சின்னக் கப்பலுக்கு ஜெர்மன் மாலுமிகள் வைத்த பட்டப்பெயர் 'ஐன்பௌம்'. அதாவது ஒரே மரத்தைக் குடைந்து செய்த தோணி. கடலில் கிடந்து ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து வைத்த பெயர். கடலோரக்காரன் எந்த தேசத்தில் இருந்தாலும் கேலி ஒரே மாதிரிதான்!

வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தக் காலத்து நீர்மூழ்கி எப்போதும் தண்ணீருக்கு அடியிலேயே ஓடுகிற கப்பல் அல்ல. மேலேதான் பெரும்பாலும் ஓடும், தேவைப்படும்போது மூழ்கும். டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டுமே, அதனால் மேலே இருக்கும்போது டீசல், கீழே போனால் பாட்டரி. பக்கவாட்டுத் தொட்டிகளில் கடல்நீரை விட்டால் இறங்கும், அழுத்தக் காற்றால் அந்த நீரை வெளியே தள்ளினால் ஏறும். பாட்டரி தீர்ந்தால் மேலே வந்தே ஆக வேண்டும். ராத்திரியில் மேலே வந்து டீசலை ஓட்டிச் சார்ஜ் ஏற்றிக்கொள்வார்கள். நம் கைபேசி மாதிரிதான், சார்ஜ் இல்லையென்றால் ஒன்றுமில்லை.

இப்படிப்பட்ட கப்பலைச் சொந்தக் கரையோரத்துக்கென்றுதான் கட்டினார்கள். துறைமுகத்தைக் காவல் காக்க, பக்கத்துக் கடலில் ரோந்து போக, புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க. ஆனால் போர் வந்தபின் யாரும் அந்த எல்லையில் நிற்கவில்லை.

யூ-9 என்ற ஒரு கப்பலின் கதையைக் கேளுங்கள். 1940 மே 9 அன்று ஹாலந்துக் கடலோரத்தில் அது 'டோரிஸ்' என்ற பிரெஞ்சு நீர்மூழ்கியை மூழ்கடித்தது. உள்ளே இருந்த 45 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பிறகு கருங்கடலில் ரஷ்யாவை எதிர்க்க ஜெர்மனிக்கு நீர்மூழ்கி தேவைப்பட்டது. கருங்கடலுக்குப் போகிற ஒரே கடல்வழி துருக்கி வழியாக. துருக்கி விடாது. என்ன செய்தார்கள்? யூ-9-ஐயும் இன்னும் ஐந்து சின்னக் கப்பல்களையும் எஞ்சின், பாட்டரி, கோபுரம் எல்லாம் கழற்றி எடை குறைத்தார்கள். எல்பா ஆற்றில் டிரெஸ்டன் நகரம் வரை மிதவையில் இழுத்தார்கள். அங்கிருந்து கரையேற்றி, பல சக்கர வண்டியில் தூக்கி வைத்து, நெடுஞ்சாலை வழியாக இங்கோல்ஸ்டாட் வரை ஓட்டினார்கள். அங்கே டான்யூப் ஆற்றில் இறக்கி, மறுபடி பூட்டி, ருமேனியாவின் கான்ஸ்டான்சா துறைமுகம் சேர்த்தார்கள். தேரோட்டத்துக்குச் சாலையைச் சரிசெய்வதே நமக்குப் பெரும்பாடு. நீர்மூழ்கியைச் சாலையில் ஓட்டியிருக்கிறார்கள்!

முடிவு என்ன? 1944 ஆகஸ்ட் 20-ல் ரஷ்ய விமானங்கள் யூ-9-ஐக் கான்ஸ்டான்சாவிலேயே மூழ்கடித்தன. மூன்று நாளில் ருமேனியா கட்சி மாறியது. மிச்சம் இருந்த கப்பல்களுக்குப் போக்கிடம் இல்லை. இரண்டைக் கான்ஸ்டான்சாவுக்கு வெளியே அவர்களே மூழ்கடித்தார்கள். கடைசி மூன்றைச் செப்டம்பரில் துருக்கிக் கரையோரம் மூழ்கடித்துவிட்டு, ஆட்கள் நீந்தியும் படகிலும் கரையேறித் துருக்கியில் சிறைப்பட்டார்கள். ஆறில் ஒன்றுகூட ஊர் திரும்பவில்லை.

இந்தக் கதையை ஏன் இவ்வளவு விரிவாகச் சொன்னேன் என்றால், ஜப்பானும் இதையேதான் செய்தது. அங்கிருந்துதான் நம் கடல் கதைக்குள் வருகிறது.

ஜப்பானியக் கடற்படை தன் தீவுகளையும் தளங்களையும் காக்க 'ரோ-100' வகை என்று 18 சின்ன நீர்மூழ்கிகள் கட்டியது. 61 மீட்டர் நீளம், மேலே மிதக்கும்போது 600 டன், 38 ஆளுக்கென்று அமைத்த இடம், நாலு குழாய், எட்டு டார்பிடோ. 75 மீட்டர், நம் கணக்கில் சுமார் 41 பாகம், அதுதான் இறங்கக்கூடிய ஆழம். மேலே 12 நாட் வேகத்தில் ஓடினால் 3,500 கடல் மைல் போகும். மூழ்கியபடி என்றால் 3 நாட் வேகத்தில் 60 மைல். அதற்குள் பாட்டரி தீர்ந்துவிடும்.

நேதாஜி ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கியில் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். 1943 ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கர் பக்கத்து நடுக்கடலில் ஜெர்மானிய யூ-180 கப்பலிலிருந்து ஜப்பானிய ஐ-29 கப்பலுக்கு மாறினார். அவை இரண்டும் பெருங்கடலைக் கடக்கவென்றே கட்டிய பெரிய கப்பல்கள். நம் கடலுக்கு வந்தது அந்த ஜாதி அல்ல, இந்தச் சின்ன ஜாதி.

அது கிளம்பி வந்த இடம் பினாங்கு. நம் முன்னோர் கப்பலேறிப் பிழைக்கப்போன அதே பினாங்குதான். அன்று ஜப்பானியர் கையில் இருந்தது, ஜெர்மன் நீர்மூழ்கிகளும் அங்கே வந்து தங்கின. பினாங்கிலிருந்து நம் கரைக்குச் சுமார் 1,250 கடல் மைல். போய்வர 2,500. மொத்த எண்ணெயே 3,500 மைலுக்குத்தான் என்றால், பத்தில் ஏழு பங்கு வழிக்கே சரி. மிச்சத்தில்தான் காத்திருப்பதும் தாக்குவதும் தப்பிப்பதும். டீசல் விலை ஏறும்போது எத்தனை மைல் போகலாம் என்று கணக்குப் போடும் நமக்கு இந்த நெருக்கடி நன்றாகவே புரியும்.

மூழ்கியிருக்கும்போது 3 நாட் வேகம் என்றால் எந்தக் கப்பலையும் துரத்திப் பிடிக்க முடியாது. அது வரும் வழியில் முன்னாலேயே போய்க் காத்திருக்க வேண்டும். பாக் நீரிணையில் ஆழம் கிடையாது, அதனால் கொழும்பிலிருந்து கல்கத்தா போகும் கப்பல் இலங்கையைச் சுற்றி வந்து, நம் சோழமண்டலக் கரையை ஒட்டித்தான் வடக்கே போக வேண்டும். வழி தெரிந்த வழி. பர்மா போர்முனைக்கு வேண்டிய சாமான் எல்லாம் கல்கத்தா வழியாகத்தான் போயிற்று. அதனால்தான் வேட்டைக்காரன் நம் வாசலில் வந்து உட்கார்ந்தான்.

காரைக்கால் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது, நமக்கு அந்தப் போரில் பங்கில்லை என்று நினைக்க வேண்டாம். 1940 செப்டம்பரிலேயே புதுச்சேரி கவர்னர் பொன்வேன், தெகோல் பக்கம் சேர்ந்துவிட்டார். நாமும் போரில்தான் இருந்தோம்.

இப்போது, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

பெஷாவர் மூழ்கியதல்லவா, அதில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? ஒருவர்கூடச் சாகவில்லை. காவலுக்கு வந்த 'இப்ஸ்விச்' என்ற ஆஸ்திரேலியக் கார்வெட் கப்பல் அத்தனை பேரையும் தூக்கிக் காப்பாற்றியது. எதிரி நீர்மூழ்கி எங்கேயோ அடியில் இருக்கிறது, நின்றால் தனக்கும் டார்பிடோ வரலாம். அப்படியும் நின்று தூக்கினார்கள்.

அதற்கு ஒன்பது நாள் முன்னால், டிசம்பர் 14 அன்று, ஆந்திரக் கடலில் 'டெய்சி மோலர்' என்ற கப்பல் தனியாகப் போனது. ரோ-111-க்குச் சகோதரக் கப்பலான ரோ-110 அதை மூழ்கடித்தது. அதோடு விடவில்லை. உயிர்ப்படகில் இருந்தவர்கள் மேல் மோதியது, நீரில் தத்தளித்தவர்களைத் துப்பாக்கியால் சுட்டது. பிழைத்தவர்கள் சிலரே.

கடலில் தத்தளிப்பவனைப் பார்த்தால் எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்டுவிட்டா கயிறு போடுகிறோம்? வலையை அறுத்துவிட்டுக்கூட ஓடிப்போய்த் தூக்குகிறோம். எழுதாத அந்தச் சட்டத்தை ஒரு கப்பல் உயிரைப் பணயம் வைத்துக் காத்தது, ஒரு கப்பல் காலில் போட்டு மிதித்தது. இரண்டும் ஒரே மாதத்தில், ஒரே கடலில் நடந்தன.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 50 நாள் கழித்து, 1944 பிப்ரவரி 11-ல், விசாகப்பட்டினத்துக்கு அருகே ரோ-110 இன்னொரு கான்வாயைத் தாக்கியது. நம் ராயல் இந்தியக் கடற்படையின் 'ஜம்னா'வும், ஆஸ்திரேலியாவின் 'லான்ச்செஸ்டன்', அதே 'இப்ஸ்விச்' இரண்டும் சேர்ந்து, ஆழத்தில் வெடிக்கும் குண்டுகளைப் போட்டு அதை அழித்தன. உள்ளே இருந்தவர் ஒருவரும் பிழைக்கவில்லை.

நம் பக்கம் வந்த ரோ-111 மார்ச் 16 அன்று வங்கக்கடலின் வடகோடியில் 'எல் மதினா' என்ற கப்பலை மூழ்கடித்தது. படையினரை ஏற்றிச் சென்ற இந்தியக் கம்பெனிக் கப்பல் அது. ஏறக்குறைய 380 பேர் இறந்தார்கள். ஜூன் 10 அன்று பசிபிக் கடலில் அமெரிக்காவின் 'டெய்லர்' கப்பல் ரோ-111-ஐ அழித்தது. அதிலும் யாரும் பிழைக்கவில்லை. நம் கடலில் பெஷாவரைத் தாக்கிய நாளிலிருந்து எண்ணினால் ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்த வகையில் கட்டிய 18 கப்பல்களும் போர் முடிவதற்குள் போயின. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

வீட்டு வாசலைக் காக்கக் கட்டிய சின்னக் கப்பலை அடுத்தவன் வாசலுக்கு அனுப்பினார்கள். அனுப்பியவர்கள் கரையில் இருந்தார்கள். உள்ளே இருந்த இருபது இருபத்தைந்து வயதுப் பையன்கள்தான் போனார்கள். இரும்பாகட்டும், மரமாகட்டும், ஃபைபராகட்டும், ஒரு கலத்துக்கு என்று ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டச் சொல்கிறவன் வேறு, அதற்கு விலை கொடுப்பவன் வேறு.

ஜெர்மனியின் அந்தச் சின்னக் கப்பல் பரம்பரை இன்று நம் நாட்டோடு சேர்ந்திருக்கிறது என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். போரில் நீர்மூழ்கிப் பொறியாளராக இருந்த உல்ரிச் காப்ளர், பிறகு ஜெர்மனிக்குச் சின்ன நீர்மூழ்கிகளை வடிவமைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் டைப்-209. இந்தியா 1981-ல் ஒப்பந்தம் போட்டு வாங்கிய 'சிசுமார்' வகை அதுதான். இரண்டு கீல் நகரில் கட்டியவை, இரண்டு மும்பையில் கட்டியவை. 1992-ல் கடற்படையில் சேர்ந்த 'சல்கி'தான் இந்தியாவில் கட்டிய முதல் நீர்மூழ்கி. உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் விசாகப்பட்டினம் கடற்கரைக்குப் போங்கள். ரஷ்யாவில் கட்டிய 'குர்சுரா' நீர்மூழ்கியைக் கரையேற்றி 2002-லிருந்து காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 91 மீட்டர் நீளமுள்ள அதற்குள்ளேயே நமக்கு மூச்சு முட்டும். 41 மீட்டர் கப்பலில் எப்படி இருந்திருப்பார்கள் என்று அப்போது புரியும்.

கடைசியாக உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, வீட்டில் 85, 90 வயதுப் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். சண்டைக்காலத்தில் கடலில் வெடிச்சத்தம் கேட்டதாக, சாமான் கரை ஒதுங்கியதாக, அப்பா தாத்தா சொல்லக் கேட்டிருக்கலாம். கைபேசியில் பதிவு செய்து சங்கத்துக்கு அனுப்புங்கள். நம் ஊர்க் கடலின் வரலாறு வெளிநாட்டுக் கடற்படைப் பதிவுகளில் மட்டும் இருந்தால் போதாது.

இரண்டு, வலையில் பழைய இரும்பு, உருளை, வெடிபொருள் மாதிரி எது சிக்கினாலும் உடைத்துப் பார்க்க வேண்டாம், பழைய இரும்புக் கடைக்கும் கொண்டுபோக வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு காரைக்கால் கடலோரக் காவல் படைக்கோ மீன்வளத் துறைக்கோ சொல்லுங்கள். போர்க்கால வெடிமருந்துக்கு வயதாகிவிட்டது என்று நம்பிக் கைவைக்கக் கூடாது.

மூன்று, தனியாகக் கடலுக்குப் போகாதீர்கள். டெய்சி மோலர் தனியாகப் போனது, பெஷாவர் துணையோடு போனது. அதுதான் இரண்டுக்கும் வித்தியாசம். உயிர்காப்பு மிதவைச் சட்டை படகில் மூட்டையாகக் கிடக்க வேண்டாம், உடம்பில் இருக்கட்டும். ஆபத்து என்றால் 1554 என்ற கடலோரக் காவல் படை எண் ஒவ்வொருவர் கைபேசியிலும் இருக்கட்டும்.

டிசம்பர் 26 அன்று சுனாமியில் போனவர்களுக்காகக் கடலில் பூப்போடுகிறோம். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் டிசம்பர் 23. இந்த வருடம் பூப்போடும்போது, நம் கடலில் அந்நியரை நின்று தூக்கிக் காப்பாற்றியவர்களையும், வங்கக்கடலில் போர்க்காலத்தில் போன அத்தனை மாலுமிகளையும் சேர்த்து நினைத்துக்கொள்வோம். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான்.